ஏலக்காரனின் தொண்டையும் தோலும்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் அது பத்திரமாகக் கிடந்தது. காய்கறி மொத்தச் சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். 'மூணுதரம்' எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டுவார்கள். கை காட்டக்கூட வேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும். பொழுது விடிகிற நேரத்தில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அடிவயிற்றிலிருந்து குரல் எடுப்பான். "மூணு தரம்" என்று முடிக்கும்போது கூரைத் தகரத்தில் இருக்கும் புறாக்கள் ஒருமுறை எழும்பி உட்காரும். மைக் வைக்கலாமே என்று புதிதாக வந்த வியாபாரி யாராவது யோசனை சொன்னால், தன்னைத் திட்டியதாகவே எடுத்துக்கொள்வான்.

முப்பது வயதில் பதினோரு வருட ஏலம். தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு உடம்பைப் பற்றித் தனிச் சட்டம் உண்டு. குரல் அடைத்துக்கொண்டால்தான் அவர்களுக்கு அது தொண்டைக் கோளாறு. குரல் வருகிறவரைக்கும் உள்ளே எரிந்தாலும் சரி, எச்சில் விழுங்கும்போது முள் குத்தினாலும் சரி, அதற்குப் பெயர் கிடையாது. கொத்தனார் முதுகு வலிக்கிறது என்று லீவு போடுவாரா? ஏலம் முடிந்ததும் ஏலக்காரர்கள் நாலு பேரும் எடைமேடைக்குப் பின்னால் போவார்கள். ஒரே அலுமினியக் குவளையில் உப்புத் தண்ணீரை மாற்றி மாற்றி வாய் வைத்து வாங்கிக் கொப்புளிப்பார்கள். யாருக்கு அதிகமாக எரிகிறதோ அவன்தான் அன்றைக்கு நன்றாகக் கூவியவன். இந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கதையின் ஆரம்பத்திலேயே கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது.

சந்தைக்கு நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை. அதற்குள் அவன், துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் மனைவி, மனைவியின் அம்மா, ஆறு வயது மகள். மகளை எல்லாரும் குட்டி என்றே கூப்பிட்டார்கள். மதியம் பள்ளி வேன் வந்து நிற்கும்போது மூணுதரம் வாசலில் இருப்பான். வேனை விட்டு இறங்கியதும் குட்டியின் கால் தரையில் பாவாது. நேராக அப்பாவின் முதுகுக்குத்தான். மூன்று மாடியும் அப்படியே ஏறுவார்கள். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகி வண்டி ஓட்டுவாள். ஊரைக் கிடுகிடுக்க வைக்கிற அந்தக் குரல், அந்த நேரத்தில் மட்டும் ஒரு ஆட்டோ மாதிரி முணுமுணுவென்று ஓடும். நாள் முழுக்கச் சந்தையில் பட்ட பாடெல்லாம் அந்தப் படியிலேயே அவனுக்கு இறங்கிவிடும்.

தக்காளி வரத்து எகிறிய ஒரு மாதத்தில் எல்லாம் தொடங்கியது. காலையில் ஓர் ஏலம், சாயங்காலம் ஓர் ஏலம் என்று இரட்டை வேலை. தொண்டை ரணமாக எரிந்தது. ரெண்டு நாள் உடம்பும் கொதித்தது. வெயிலில் நின்ற சூடு என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, கூடுதலாக ரெண்டு வாய் உப்புத் தண்ணீர் கொப்புளித்தான். குரல் போகவில்லை, ஆகவே வேலைக்கும் போனான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, குளித்துவிட்டுத் துவட்டும்போது வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான். மிளகு அளவுதான் இருக்கும். கொசு என்று விட்டுவிட்டான். மறுநாள் அது இருபது. வாரம் முடிவதற்குள் நெஞ்சு, முதுகு, தோள், தொடை என்று எண்ணவே முடியாதபடி ஆகிவிட்டது. காய்ந்த சிமெண்டுத் தரையில் முதல் தூறல் விழுந்தால் எப்படிப் புள்ளி புள்ளியாக இருக்கும், அப்படி. ஒவ்வொரு புள்ளியின் மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளைச் செதில். சட்டையைக் கழற்றி உதறினால் மாவு கொட்டியது.

மருந்துக்கடைக்காரர் சட்டைக் காலருக்குள் எட்டிப் பார்த்து, "படைங்க. சந்தை ஈரத்துல நிக்கறவங்களுக்கு வரும்" என்று ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு வாரம் தடவினான். புள்ளி அசையவில்லை, அரிப்புதான் ஏறியது. அரித்த இடத்தில் நகத்தால் வரட்டு வரட்டென்று சொறிந்தால், நகம் போன தடத்திலேயே புதுப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. சந்தையில் முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிக்கொண்டான். இருந்தும் மரப்பெட்டியைச் சுற்றி நிற்கிற வியாபாரிகள் ஒரு அடி பின்னால் போய்விட்டார்கள். எடைமேடைக்காரர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நாளைக்குப் பெட்டியில கை வைக்காம, நின்ன எடத்துல இருந்தே கூவு. உன் குரலுக்குத் தொட்டுக் காட்டணும்னு என்ன இருக்கு."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் அதே பயத்தில்தான் இருந்தான். வீட்டில் மாமியார் வாய் திறப்பதற்கு முன்பே சட்டங்களை அவனே போட்டுவிட்டான். தனிச் சோப்பு, தனித் துண்டு, தனிப் பாய், துணி காயப்போடத் தனிக் கயிறு. குட்டி வேனை விட்டு இறங்கி ஓடி வந்தபோது ரெண்டு கையையும் முன்னால் நீட்டி நிறுத்தினான்.

"கிட்ட வராத கண்ணு. அப்பா மேல புள்ளி வந்திருக்கு. தொட்டா உனக்கு ஒட்டிக்கும்."

"எப்ப போவும்?"

"போயிடும். அதுவரைக்கும் நீயே படி ஏறு, என்ன?"

குட்டி கெட்டிக்காரி. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். கூடத்தின் தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணி, அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் எப்போதும் ரெண்டு ஓடு விட்டு உட்காரப் பழகினாள். அவன் மறந்துபோய் ஒரு ஓடு முன்னால் நகர்ந்தால், அவள் ஒரு ஓடு பின்னால் நகர்ந்தாள். மாடிப்படியில் அவள் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏற, அவன் ரெண்டு படி கீழே அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுடைய பாலை மட்டும் அவன்தான் ஆற்றினான். ஆற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, சூடு பதமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு டம்ளரை ரெண்டு ஓட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவான். வாயிலும் உள்ளங்கையிலும் புள்ளி இல்லையே. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் டம்ளரையே தொடுவான். மகளுக்கென்று செய்ய மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மூலைக் கடை மாடியில் ஒரு ஊசி டாக்டர் இருந்தார். அவரிடம் போனால் எதுவும் ஐந்து நாளில் போய்விடும் என்று சந்தையில் பேர். அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், இடுப்பில் ஒரு ஊசி போட்டு, சின்னச் சின்ன மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என்ன நோய் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. சொன்னபடி ஐந்தாம் நாள் புள்ளிகள் மங்கின. எட்டாம் நாள் முதுகை மனைவியிடம் காட்டினான். துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாள்.

அன்று மதியம் வேன் வந்தபோது அவன் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டு நின்றான். குட்டி இறங்கி, பழக்க தோஷத்தில் தள்ளியே நின்றாள். அவன் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அவள் பார்த்தாள். பிறகு பாய்ந்தாள் பாருங்கள், பை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம். மூன்று மாடி ஏறியும் இறக்கிவிட மனசு வராமல், மொட்டை மாடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு வாரம் அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான்.

மாத்திரைப் பொட்டலம் தீர்ந்து பத்து நாளில் புள்ளிகள் திரும்பின. இந்த முறை காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், முகத்தில் கூட. ஊசி டாக்டர் இன்னொரு ஊசி என்றார். மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "இது வேலைக்கு ஆவாதுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். மாமியார் குட்டியைத் தன் பக்கத்தில் இழுத்துப் படுக்க வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வெளியே எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த டாக்டர் அம்மாவுக்கு வயது அவனைவிட நாலைந்து கூட இருக்கும். ஒரு புள்ளியைக் சின்னக் கண்ணாடித் தகட்டால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். இத்தனை நாளில் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் மருத்துவர் அவர்தான்.

"இது சொரியாசிஸ்ல ஒரு வகை. துளித்துளியா வரும். நோய்க் கிருமியோட சண்டை போடறதுக்குன்னு உடம்புல ஒரு படை இருக்குல்ல, அது ஆள் தெரியாம உங்க தோலையே அடிக்குது. அதனாலதான் தோல் அவசர அவசரமா வளந்து உதிருது. முன்னாடி ஊசி போட்டு மாத்திரை சாப்ட்டீங்களே, அதை நிறுத்துனா இப்படித்தான் ரெண்டு மடங்கா திரும்பும். இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க."

"ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டவே ஒட்டாது. தொடலாம், தூக்கலாம், பக்கத்துல படுக்கலாம். ஒரே துண்டுல துடைச்சாலும் ஒட்டாது." அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "இது வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர்."

பொய் சொல்லவில்லை. அது முக்கியம். அவன் மனசாரத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். குரல் ஒரு நாளும் போகவில்லை. ஏலம் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த ரெண்டு நாள் உடம்பு கொதித்தது வெயில் சூடுதானே. அப்படியென்றால் தொண்டையில் என்ன வந்திருக்க முடியும்? அவனைப் பொறுத்தவரை அவர் கேட்டது வேறு யாருக்கோ வருகிற ஒரு வியாதியைப் பற்றி. டாக்டர் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். வெளியே எழுபது பேர். அவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று பிடித்து உலுக்க ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"பின்ன எதனால டாக்டர் வந்துச்சு?"

"பல பேருக்கு தொண்டையில வர்ற தொற்றுதான் இதைக் கெளப்பிவிடும். உங்களுக்கு அது இல்லேங்கறீங்க. சில பேருக்கு காரணம் பிடிபடாது."

படியிறங்கும்போது அவன் மனைவியிடம் சொன்னான். "எங்கிருந்து வந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியலயே. எங்க போவும், போவாதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"அவங்க படிச்சவங்கங்க. ஒட்டாதுன்னு அடிச்சுச் சொல்றாங்கல்ல."

"ஒட்டிட்டா? உங்கம்மா என்னய சும்மா விடுவாங்களா? அத விடு. நானே என்னய விடுவனா?"

மனைவி அன்றிலிருந்து அவன் பாயிலேயே படுத்தாள். "எனக்கு ஒட்டுதான்னு பாத்துக்கங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பெரியவங்க உடம்பு வேற, பிள்ளை உடம்பு வேற என்று அவன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். பயந்தவனிடம் வாதம் செய்து ஜெயித்தவர் யார்.

மருத்துவத்தை மட்டும் அவன் ஒரு நாள் தவறவிடவில்லை. காலை மாலை களிம்பு, குளித்த ஈரம் காய்வதற்குள் உடம்பெல்லாம் எண்ணெய்ப் பசை. வாரத்துக்கு மூன்று நாள் வெளிச்ச சிகிச்சை. ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் நின்றவாக்கில் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளாடையோடு நிற்க வேண்டும். முதல் நாள் சில நொடிகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கூவுகிறவன் அந்தப் பெட்டிக்குள் மூச்சுச் சத்தம் கூட வராமல் நின்றான். விளக்கு பட்ட இடத்தில் புள்ளிகள் தட்டையாகி, செதில் விழுந்து, பழுப்பாக மங்கும். ஆஹா என்று நினைக்கும் நேரத்தில் விலாவில் இன்னொரு கூட்டம் கிளம்பும். ஒவ்வொரு தடவையும் அதற்கு ரெண்டு மூன்று வாரம் முன்னால் தொண்டை எரிந்திருக்கும். அதை யார் எண்ணினார்கள்? எரியாத வாரம் என்று ஒன்று இருந்தால்தானே எரிந்த வாரம் தெரியும்.

இப்படியே மூன்று மாதம். அதற்குள் குட்டிக்கு ஒரு பல் விழுந்து இன்னொன்று முளைத்துவிட்டது. ஷூ நாடாவைத் தானே கட்டக் கற்றுக்கொண்டாள். அதெல்லாம் அவன் ரெண்டு ஓடு தள்ளியிருந்து பார்த்ததுதான். ஒரு நாள் அவள் படியில் தடுக்கி முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள். அவன் கை தன்னால் நீண்டது. அவள் அழுதுகொண்டே, "பாட்டி வரட்டும்" என்று பின்னால் நகர்ந்தாள். அவன் மாமியாரைக் கூப்பிட்ட குரலில் மூன்று மாடிக் கதவும் திறந்தது.

பிறகு குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலிக்கிறது என்று சாப்பிட மறுத்தாள். குழந்தை டாக்டர் பத்து நாளுக்கு மருந்து எழுதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நாலாம் நாள் அவள் விளையாடப் போனாள், ஐந்தாம் நாள் மருந்து பாட்டில் ஜன்னலோரம் போய்விட்டது. எந்த வீட்டில்தான் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாமியார் குளியலறையிலிருந்து அவனைக் கூப்பிடவில்லை, தன் மகளைக் கூப்பிட்டாள். மனைவி போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவன் கதவருகே போய் நின்றான். குட்டியின் தொப்புளைச் சுற்றி ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் மிளகு அளவு.

"மாப்ள, நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் மாமியார். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "அன்னிக்கி ஊசி போட்டுட்டு வந்து தூக்கினீங்களே. மொட்ட மாடி வரைக்கும்."

அவன் கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றான். குட்டி துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது ஒதுங்கி வழிவிட்டான்.

மறுநாள் காலை ஏலத்துக்குப் போகாமல் மூவரும் தோல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு வருடத்தில் அவன் ஏலத்துக்குப் போகாத முதல் நாள். டாக்டர் அம்மா குட்டியின் வயிற்றைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். சமீபத்தில் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார். மனைவி காய்ச்சலைச் சொன்னாள், மருந்தைப் பாதியில் நிறுத்தியதையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல வேற யாருக்காவது தொண்டை வலி இருக்கா? உங்களுக்கு?"

"எனக்கில்லீங்க."

"அப்பாவுக்கு தெனமும் எரியும்" என்றாள் குட்டி. "தெனமும் உப்புத் தண்ணி கொப்புளிப்பாரு. சோறு முழுங்கும்போது கண்ண மூடிக்குவாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது தொழிலுங்க டாக்டர். ஏலம் கூவறேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

டாக்டர் டார்ச்சை எடுத்தார். அவன் வாயைத் திறந்தான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நீளமான பஞ்சுக் குச்சியால் அவன் தொண்டையைத் தடவி எடுத்தார். குட்டிக்கும் அதே. ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

ரெண்டு நாள் கழித்துப் போனபோது காகிதம் ரெண்டும் மேஜைமேல் அருகருகே இருந்தன. ரெண்டு பேர் தொண்டையிலும் ஒரே கிருமி.

"இதுதாங்க நான் மொதல் நாளே கேட்டது" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை. "இந்தக் கிருமி தொண்டையில உக்காந்துக்கிட்டு உடம்போட படைய உசுப்பிவிடும். தோல்ல அது வெடிக்கும். தோல்ல இருக்கறது யாருக்கும் ஒட்டாது. தொண்டையில இருக்கறது ஒட்டும். இருமுனா, பக்கத்துல பேசுனா, ஒரே டம்ளர்ல குடிச்சா."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நாந்தான் குடுத்தனா? பால ஆத்தி ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். தெனமும்."

"அப்படியும் இருக்கலாம். ஸ்கூல்ல இருந்து வந்திருக்கலாம். அவகிட்ட இருந்து உங்களுக்குத் திரும்பியிருக்கலாம். யாரு யாருக்குன்னு இப்ப கண்டுபிடிக்க முடியாது. அதோட இந்தக் கிருமி வர்ற எல்லாருக்கும் புள்ளி வராது. சில குடும்பத்து உடம்புவாகு அப்படி."

"தூக்கினதால வரல?"

"இல்ல."

"நாலு மாசம் தூக்காம இருந்தனே, அதனால ஏதாவது..."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அதனால ஒரு பிரயோஜனமும் இல்லீங்க. நீங்க தூக்கியிருக்கலாம்."

ஒரு மனிதனிடம் இதைவிடக் கனிவாக இதைச் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவனுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது. எதை அவன் கண்ணும் கருத்துமாக மூடி மறைத்தானோ அது ஒரு ஈ எறும்பைக்கூடக் கெடுத்திருக்காது. எதைத் தன் தொழில், தன் கெத்து என்று திறந்து வைத்தானோ அதைத்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான், ஒருவேளை. அந்த ஒருவேளை வேறு. ஆமாம் என்றாவது சொல்லித் தொலைத்தால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம்.

ரெண்டு பேருக்கும் பத்து நாளைக்கு மருந்து, ஒரு வேளை விடக் கூடாது என்று எழுதினார். குட்டிக்கு மெல்லிய களிம்பும் குளித்ததும் தடவும் பசையும். "தொண்டை சரியானா தோலும் சரியாயிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"சத்தியம் பண்ண முடியாதும்மா. கொழந்தைங்களுக்கு நெறைய பேருக்கு சில மாசத்துல தானா அடங்கிடும். சில பேருக்கு அடுத்த தொண்டை வலிக்குத் திரும்ப வரும். சில பேருக்குப் பெரிய பெரிய திட்டா மாறித் தங்கிடும். இவளுக்கு எதுன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. சொறியாம பாத்துக்கங்க. தொண்டை வலின்னா ஒடனே கூட்டிட்டு வாங்க. வேற ஒன்னும் பயப்படாதீங்க."

மனைவி மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாள். நீளமான நடைபாதையின் சுவரோரம் இரும்பு பெஞ்சுகள். ஒன்றில் குட்டி உட்கார்ந்திருந்தாள், காலை ஆட்டிக்கொண்டு, சட்டையை வயிற்றின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு. அவன் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து அவள் பெஞ்சுக்கே வந்தான். அவள் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"வா கண்ணு, அப்பா தூக்கறேன்."

"வேணாம்ப்பா. கிட்ட வராத. உனக்கு இப்பத்தான் குறையுது, எங்கிட்ட இருந்து ஒட்டிக்கும்."

"ஒட்டாதும்மா. டாக்டரே சொன்னாங்கல்ல, இப்ப கேட்டியே."

குட்டி அவனைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"உனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

அவன் குனிந்து அவளை அள்ளித் தூக்கிக்கொண்டான். நாலு மாதத்தில் கனத்துப் போயிருந்தாள். அவள் திமிறவில்லை, அழவில்லை. உடம்பைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ரெண்டு கையையும் அவன் தோளில் படாமல் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். மருந்து வாங்கிக்கொண்டு மனைவி வந்தாள், நடைபாதை முடிந்தது, வாசல் வந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தக் கைகள் கீழே இறங்கவில்லை.